கியர் மாற்றும் நேரம்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து தங்கம் எடுத்த ஊர் அது. சுரங்க வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே போய்க் குடியேறின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஊரிலேயே சிறு தொழில் செய்கிறார்கள்.

அங்கே ஒரு பால்காரர் இருந்தார். அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடும்பம் இருந்தது. பால்காரர் சின்ன வயதில் பள்ளிக்குப் போகவில்லை. 40 வயதுக்கு மேல் இரவு வகுப்பில் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். கணக்கு எழுதக் கற்றார்.

புது வண்டி வந்தது

பால்காரர் விடியற்காலையில் சைக்கிளில் புறப்படுவார். பேத்தமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவார். வீடு வீடாகப் பால் வாங்குவார். திரும்பி வந்து டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஊற்றுவார். வெயில் ஏறுவதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும். நேரமானால் பால் கெட்டுவிடும். டீக்கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார்.

சைக்கிள் மிதித்து மிதித்து அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் யோசித்தார்கள். வங்கியில் கடன் வாங்கினார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். 100 சிசி வண்டி. நான்கு கியர். மாதாமாதம் தவணை கட்ட வேண்டும்.

பால்காரர் பழகுநர் உரிமம் எடுத்தார். அதை எல்.எல்.ஆர். என்று சொல்வார்கள். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு நிறத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்தை ஒட்டினார். மைத்துனர் ஒரு நாள் மட்டும் வந்து சொல்லிக் கொடுத்தார்.

"இது கிளட்ச். இது கியர். இது பிரேக். அவ்வளவுதான் மாமா. ஓட்ட ஓட்ட வந்துவிடும்" என்றார். ஊருக்குப் போய்விட்டார்.

மேட்டில் நின்ற வண்டி

மூன்றாம் நாளே பால்காரர் வண்டியில் பால் ஏற்றினார். "இன்னும் நன்றாகப் பழகட்டுமே" என்றாள் மனைவி. "தவணை தேதி காத்திருக்குமா?" என்றார் அவர்.

போகும்போது கேன்கள் காலி. சாலையும் இறக்கம். தொல்லை இல்லை. திரும்பி வரும்போது இரண்டு கேன்களிலும் பால் இருந்தது. ஒவ்வொன்றிலும் 20 லிட்டர். சமதரையில் வண்டி நான்காம் கியரில் நன்றாக ஓடியது. வேகம் 40 கிலோமீட்டர்.

பிறகு ஒரு நீண்ட மேடு வந்தது.

வேகம் குறைந்தது. 35, 30, 25 என்று முள் இறங்கியது. வண்டி உதற ஆரம்பித்தது. 'டக் டக் டக்' என்று எஞ்சின் முக்கியது. பால்காரர் ஆக்சிலேட்டரை முழுவதும் திருகினார். உதறல் அதிகமானது. நடு மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டது.

வண்டி பின்னால் நகர்ந்தது. அவர் பதறினார். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். கால் சரியாக ஊன்றவில்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. ஒரு கேனின் மூடி கழன்றது. 20 லிட்டர் பாலும் தார்ச் சாலையில் ஓடியது.

பின்னால் பஸ்ஸோ லாரியோ வரவில்லை. அது நல்ல காலம். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

கொட்டிய பாலில் பாதி ஒரு பாட்டியின் பால். இரண்டு மாடுகளை வைத்துப் பிழைப்பவர் அவர். மறுநாள் பால்காரர் அவரிடம் நடந்ததைச் சொன்னார்.

"பணம் கிடக்கட்டும் அப்பா. கை கால் பிழைத்ததே, அது போதும்" என்றார் பாட்டி.

பால்காரர் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தார். வண்டியைத் துணி போட்டு மூடினார். "இதை விற்றுவிடலாம்" என்றார். மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.

வைண்டர் மாமா

அதே லைனில் ஒரு பெரியவர் இருந்தார். வயது 70-க்கு மேல். அவர் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். எல்லாரும் அவரை 'வைண்டர் மாமா' என்றே கூப்பிடுவார்கள்.

சுரங்கத்துக்குள் ஆட்கள் கூண்டில் இறங்குவார்கள். அந்தக் கூண்டைக் கயிற்றில் இறக்கி ஏற்றும் பெரிய எஞ்சின்தான் வைண்டிங் எஞ்சின்.

வைண்டர் மாமா மூடிக் கிடந்த வண்டியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, புது மாப்பிள்ளைக்கு முக்காடு போட்டு வைத்திருக்கிறாய்?"

"எனக்கு இது சரிப்படாது மாமா. மேட்டில் கவிழ்த்துவிட்டது."

"எந்தக் கியரில் ஏறினாய்?"

"நான்கில்தான் மாமா. பெரிய கியர் ஆயிற்றே! அதற்குத்தானே பலம் அதிகம்?"

பெரியவர் சிரித்தார். ஆனால் கேலி செய்யவில்லை.

"அங்கேதான் தப்பு. நான்காம் கியருக்கு வேகம் உண்டு, பலம் குறைவு. முதல் கியருக்கு பலம் உண்டு, வேகம் குறைவு. வண்டி உன்னைக் கவிழ்க்கவில்லை. 'என்னால் முடியவில்லை, கியரைக் குறை' என்று அது கத்தியது. உனக்கு அந்தப் பாஷை புரியவில்லை. அவ்வளவுதான்."

"அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள முடியுமா மாமா?"

"40 வயதில் தமிழ் எழுத்தைக் கற்றாயே. இது அதைவிடச் சுலபம். நாளை சாயந்திரம் வண்டியைத் திடலுக்குக் கொண்டு வா. தலைக்கவசத்தை மறக்காதே."

பெரியவரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அவர் 30 வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்.

கியர் எதற்கு?

மறுநாள் இருவரும் திடலில் உட்கார்ந்தார்கள். வண்டி பக்கத்தில் நின்றது.

"தலையில் மூட்டையோடு மேட்டில் ஏறினால் எப்படி நடப்பாய்?" என்று கேட்டார் பெரியவர்.

"சின்னச் சின்ன அடியாக வைப்பேன்."

"சமதரையில் வெறுங்கையோடு போனால்?"

"எட்டி நடை போடுவேன்."

"அதுதான் கியர். முதல் கியர் சின்ன அடி. நான்காம் கியர் எட்டி நடை. மூட்டையோடு மேட்டில் எட்டி நடை போட்டால் என்ன ஆகும்? மூச்சு வாங்கும். கால் மடங்கும். உன் வண்டிக்கு அதுதான் நடந்தது."

பிறகு அவர் வண்டியைக் காட்டி விளக்கினார். எஞ்சின் மிக வேகமாகச் சுற்றும். சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றும். பின்சக்கரம் அவ்வளவு வேகமாகச் சுற்றக் கூடாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவை வேகத்தைக் குறைக்கும். குறைத்த வேகத்துக்கு ஈடாகப் பலத்தைக் கூட்டும்.

100 சிசி வண்டியில் முதல் கியரில் எஞ்சின் 30 முறைக்கு மேல் சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். அதனால் இழுக்கும் பலம் அதிகம். நான்காம் கியரில் எஞ்சின் சுமார் 12 முறை சுற்றினாலே சக்கரம் ஒரு முறை சுற்றிவிடும். அதனால் வேகம் அதிகம், பலம் குறைவு.

"அப்படியானால் 12-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம்தான் என் பாலைக் கொட்டியது" என்றார் பால்காரர்.

"கணக்கைச் சரியாகப் பிடித்துவிட்டாய்" என்றார் பெரியவர்.

கிளட்ச் என்ன செய்கிறது?

இடது கையில் இருப்பது கிளட்ச். அதைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு விடுபடும். விட்டால் தொடர்பு சேரும். கியர் மாற்றும்போது தொடர்பு விடுபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரங்கள் அடிபடும்.

வண்டியைக் கிளப்பும் முறையைப் பெரியவர் வரிசையாகச் சொன்னார்.

1. பக்கத் தாங்கியை எடுத்துவிடு.
2. நியூட்ரலில் இருக்கிறதா பார். பச்சை விளக்கு எரியும்.
3. எஞ்சினைக் கிளப்பு.
4. கிளட்சை முழுவதும் பிடி.
5. முதல் கியரைப் போடு.
6. கிளட்சை மெல்ல மெல்ல விடு. கூடவே ஆக்சிலேட்டரை மெல்லத் திருகு.

பால்காரர் கிளட்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

"கூண்டுக்குள் ஆட்கள் நிற்பார்கள் தம்பி. நான் எஞ்சினை வெடுக்கென்று இழுத்தால் அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். மெல்ல எடுத்து, அப்புறம்தான் வேகம் கொடுப்பேன். உன் பின்னால் ஆள் நிற்பதாக நினைத்து விடு."

மறுபடியும் செய்தார். கிளட்சைப் பாதி விட்டதும் எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. வண்டி நகரத் துடித்தது.

"அந்த இடம்தான்! அங்கே ஒரு நொடி நிறுத்து. பிறகு முழுவதும் விடு."

இருபது முறை பழகினார். இருபதாவது முறை வண்டி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். வண்டி ஓடும்போது கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே போகக் கூடாது. கிளட்ச் தட்டுகள் உரசித் தேய்ந்துவிடும். கருகிய வாடை வரும். செலவு வைக்கும்.

கியரைக் கூட்டும் நேரம்

இரண்டாம் நாள் பாடம் தொடங்கியது.

"எப்போது கியரைக் கூட்ட வேண்டும் என்று எப்படித் தெரியும் மாமா?"

"நான் கூண்டை ஒரு நாளும் கண்ணால் பார்த்து ஓட்டியதில்லை. அது பூமிக்குள் எங்கோ போய்விடும். மணிச் சத்தத்தைக் காதால் கேட்பேன். எவ்வளவு ஆழம் என்று முள் காட்டும். காதும் முள்ளும்தான் எனக்கு வழிகாட்டி. உனக்கும் அவை இரண்டும் போதும்."

முதலில் காது. முதல் கியரில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எஞ்சின் சத்தம் ஏறும். ஓர் அளவுக்கு மேல் அலறும். வண்டி அதற்கு மேல் வேகம் எடுக்காது. சத்தம் மட்டும் கூடும். அலறுவதற்குக் கொஞ்சம் முன்பே அடுத்த கியருக்குப் போக வேண்டும்.

அடுத்தது முள். வேகமானியில் எண்கள் இருக்கும். 100 சிசி, நான்கு கியர் வண்டிக்கு ஏறக்குறைய இந்த அளவு பொருந்தும்:

முதல் கியரிலிருந்து இரண்டுக்கு: 15 கிலோமீட்டர் வேகத்தில்.
இரண்டிலிருந்து மூன்றுக்கு: 25 கிலோமீட்டர் வேகத்தில்.
மூன்றிலிருந்து நான்குக்கு: 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில்.

எல்லா வண்டிக்கும் இதே எண்கள் பொருந்தாது. வண்டியோடு கொடுக்கும் கையேட்டில் சரியான அளவு இருக்கும். சில வண்டிகளில் வேகமானியிலேயே 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு கியருக்கும் கோடு போட்டிருப்பார்கள்.

கியர் மாற்றும்போது மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட வேண்டும். கிளட்சைப் பிடிக்க வேண்டும். காலால் கியரை மாற்ற வேண்டும். பிறகு கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும்.

பால்காரரின் வண்டியில் முன்பக்கம் மிதித்தால் கியர் கூடும். குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் குறையும். வேறு சில வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே மிதித்தால் விழும். மற்றவற்றுக்குக் கால்விரலால் மேலே தூக்க வேண்டும். புதிதாக எந்த வண்டியில் ஏறினாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பால்காரர் முதலில் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"தம்பி, முன்னால் நாய்!" என்று கத்தினார் பெரியவர்.

நல்ல வேளை, பிரேக் பிடித்துவிட்டார்.

"முள்ளைப் பார்ப்பது பழகும் வரைதான். அதுவும் ஒரு கண்ணோட்டம் போதும். கண் சாலையில் இருக்கட்டும். சத்தத்தைக் காது பார்த்துக்கொள்ளும்."

கியரைக் குறைக்கும் நேரம்

மூன்றாம் நாள் மிக முக்கியமான பாடம்.

"கூட்டுவதை எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். குறைக்கத்தான் மறந்துவிடுவார்கள்" என்றார் பெரியவர்.

நான்காம் கியரில் வேகம் 30-க்குக் கீழே இறங்கினால் மூன்றுக்கு வர வேண்டும். மூன்றில் 20-க்கு இறங்கினால் இரண்டுக்கு வர வேண்டும். வண்டி உதறுகிறது, எஞ்சின் முக்குகிறது என்றால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அப்போது ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது. கியரைத்தான் குறைக்க வேண்டும்.

மேடு கண்ணில் பட்டதுமே தயாராக வேண்டும். வேகம் குறையத் தொடங்கும்போதே ஒரு கியர் குறைக்க வேண்டும். போதாவிட்டால் இன்னொன்று. பாரம் இருந்தால் இன்னும் முன்னதாகவே குறைக்க வேண்டும்.

"உன் வண்டியில் எவ்வளவு பாரம் இருந்தது?"

பால்காரர் நோட்டில் கணக்குப் போட்டார். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 40 லிட்டர் என்றால் 41 கிலோ. கேன்களின் எடை வேறு.

"ஏறக்குறைய ஒரு ஆளையே பின்னால் உட்கார வைத்த மாதிரி மாமா!"

"ஆமாம். அந்த ஆளோடு நான்காம் கியரில் மேடு ஏறப் பார்த்தாய்."

குறைக்கும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. வேகத்தை முதலில் குறைக்க வேண்டும். பிறகு கியரைக் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது திடீரென்று முதல் கியருக்குக் கொண்டுவந்தால் பின்சக்கரம் இழுபட்டு வண்டி சறுக்கும். ஆள் விழுவார்.

மேட்டின் நடுவில் வண்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம். வலது காலால் பின் பிரேக்கை மிதிக்க வேண்டும். இடது காலைத் தரையில் ஊன்ற வேண்டும். எஞ்சினைக் கிளப்பி முதல் கியர் போட வேண்டும். கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னே இழுக்கும். அப்போது பிரேக்கை விட வேண்டும். வண்டி பின்னால் நகராமல் ஏறும்.

திடலின் ஓரத்தில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. பால்காரர் இதை அங்கே பழகினார். முதல் நாள் ஐந்து முறை எஞ்சின் நின்றது. அடுத்த நாள் ஒரு முறைதான் நின்றது.

இறக்கத்தில் எப்படி?

"இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்களே மாமா?"

"ஐந்து ரூபாய் பெட்ரோலுக்காக உயிரை அடகு வைக்காதே" என்றார் பெரியவர்.

இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக் கூடாது. நியூட்ரலிலும் விடக் கூடாது. கியரில் இருந்தால் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, பிடிப்பு குறைந்துவிடும். எந்தக் கியரில் மேட்டை ஏறுவோமோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குவது நல்லது. பிரேக் பிடிக்கும்போது முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து அளவாகப் பிடிக்க வேண்டும்.

நோட்டில் எழுதியது

வண்டியோடு வந்த கையேடு அலமாரியில் கிடந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பால்காரரின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"அப்பா, நான் படித்துச் சொல்கிறேன். நீங்கள் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.

அவள் வாசித்து வாசித்துப் பொருள் சொன்னாள். அவர் எழுதினார். கியர் மாற்றும் வேகங்களை எழுதினார். ஏற்றக்கூடிய பாரத்தின் அளவை எழுதினார். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று எழுதினார். வண்டி புதிது என்பதால் முதல் 1,000 கிலோமீட்டர் வரை எஞ்சினை அலறவிடக் கூடாது. பாரத்தோடு முக்கவிடவும் கூடாது. முதல் சர்வீஸைத் தேதி தவறாமல் செய்ய வேண்டும். அதையும் எழுதினார்.

'கிளட்ச்' என்பதை எப்படி எழுதுவது என்று மட்டும் மகளிடம் கேட்டார். மற்றதெல்லாம் அவரே எழுதினார்.

ஒரு பக்கம் நிறைந்தது. அந்தப் பக்கத்தை இன்னொரு தாளில் நகல் எடுத்தார். சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்த மனைவி, "பால் கணக்கு எழுதக் கற்றீர்கள். இப்போது வண்டிக்கே பாடப் புத்தகம் எழுதிவிட்டீர்களே!" என்றாள்.

மறுபடியும் அதே மேடு

ஒரு மாதம் அவர் சைக்கிளில்தான் பால் எடுத்தார். மாலையில் வண்டி பழகினார். பழகுநர் உரிமம் எடுத்து 30 நாட்கள் ஆன பிறகே நிரந்தர உரிமத்துக்குத் தேர்வு கொடுக்கலாம். அவர் விண்ணப்பித்தார். ஓட்டிக் காட்டினார். தேறினார்.

அடுத்த நாள் இரண்டு கேன்களையும் கட்டினார். மூடிகளை இறுக்கினார். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா பார்த்தார். தலைக்கவசத்தின் வாரை மாட்டினார்.

திரும்பி வரும்போது அந்த மேடு வந்தது. அவருக்கு நெஞ்சு படபடத்தது. பால் ஓடிய இடம் நினைவுக்கு வந்தது.

வேகம் 35-க்கு இறங்கியது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. அவர் மூன்றாம் கியருக்கு மாற்றினார். சத்தம் தெளிந்தது. வண்டி ஏறியது. பாதி மேட்டில் வேகம் 20 ஆனது. இரண்டாம் கியருக்கு மாற்றினார். எதிரே ஒரு லாரி வந்தது. இடது ஓரமாக ஒதுங்கினார். அந்த நேரத்தில் வேகம் இன்னும் குறைந்தது. வண்டி லேசாக உதறியது. அவர் ஆக்சிலேட்டரைத் திருகவில்லை. முதல் கியருக்கு வந்தார். உதறல் நின்றது.

மெதுவாகத்தான் ஏறினார். ஒரு சைக்கிள் பையன் கூட அவரோடு பேசிக்கொண்டே வந்தான். ஆனால் வண்டி நிற்கவில்லை. மேட்டின் உச்சியில் சாலை சமமானது. இரண்டு, மூன்று, நான்கு என்று கியரைக் கூட்டினார்.

வெயில் ஏறுவதற்கு முன்பே பால் ஊற்றி முடித்தார். கடைசிக் கேனில் அரை லிட்டர் மிச்சம் வைத்திருந்தார். அதை வைண்டர் மாமா வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"கூண்டு மேலே வந்து சேர்ந்ததா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஒரு சொட்டு சிந்தாமல் வந்தது மாமா" என்றார் பால்காரர்.

நினைவில் வையுங்கள்

சின்னக் கியர்: பலம் அதிகம், வேகம் குறைவு. பெரிய கியர்: வேகம் அதிகம், பலம் குறைவு.

எஞ்சின் அலறினால் கியரைக் கூட்டுங்கள். எஞ்சின் முக்கினால், வண்டி உதறினால் கியரைக் குறையுங்கள்.

கிளட்சைப் பிடிக்காமல் கியர் மாற்ற வேண்டாம். கிளட்சை மெல்ல விடுங்கள்.

இறக்கத்தில் எஞ்சினை அணைக்க வேண்டாம். நியூட்ரலில் விட வேண்டாம்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். பழகும்போது 'எல்' எழுத்தை வண்டியில் ஒட்ட வேண்டும். சொல்லிக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசம் அணியுங்கள். பின்னால் உட்காருபவரும் அணிய வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. பால்காரரின் வண்டி மேட்டில் ஏன் நின்றது?
2. மூட்டையோடு மேடு ஏறுவதற்கும் முதல் கியருக்கும் என்ன ஒற்றுமை?
3. ஓடும்போது கிளட்சைப் பாதி பிடித்திருந்தால் என்ன கெடும்?
4. மேட்டின் நடுவில் வண்டி நின்றால் முதலில் எந்தப் பிரேக்கை மிதிக்க வேண்டும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. நியூட்ரலில் இருந்தால் ........... விளக்கு எரியும்.
2. வேகத்தை முதலில் குறைத்து, பிறகு ........... குறைக்க வேண்டும்.
3. நிரந்தர உரிமத்துக்கு ........... நாட்கள் காத்திருக்க வேண்டும்.

கணக்கு

ஒரு கேனில் 15 லிட்டர் பால். வண்டியில் இரண்டு கேன்கள். ஒரு கேனின் எடை 3 கிலோ. ஒரு லிட்டர் பாலை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பாரம் எத்தனை கிலோ?

சேர்ந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் வண்டி பழகுபவர்கள் யாரிடம் கற்கிறார்கள்? எங்கே பழகுகிறார்கள்? அந்த இடம் பாதுகாப்பானதா? வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரை வகுப்புக்கு அழைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதைப் பால்காரரைப் போல உங்கள் நோட்டில் எழுதுங்கள்.